கணக்கேட்டில் ஒரு கைம்பெண்

1922 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாள். அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு மூன்றாவது நாள். டப்ளின் மாநகரில் லிஃபி ஆற்றங்கரையில் நிற்கும் ஃபோர் கோர்ட்ஸ் என்னும் நீதிமன்ற வளாகத்தில் பெரும் வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. அவ்வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. பல நூற்றாண்டுகளாக எழுதிச் சேர்த்த ஏடுகள் சாம்பலாகி நகரத் தெருக்களின்மேல் பறந்தன. 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்குகளும், மிகச் சில துண்டுகள் நீங்கலாக, அன்று அழிந்தன. 1861, 1871 ஆம் ஆண்டுகளின் ஏடுகளை அரசே முன்னர் அழித்திருந்தது. 1881, 1891 ஆம் ஆண்டுகளுக்குரியவை முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. நாடு முழுமைக்குமாக இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது 1901 ஆம் ஆண்டின் கணக்கே.

ஆகவே, தன் பாட்டனாரின் பாட்டனார் யார், எந்த ஊரில் பிறந்தார், எத்தனை பிள்ளைகளைப் பெற்றார் என்று ஓர் அயர்லாந்துக்காரர் அறிய விரும்பினால் அவருக்குப் பெரிய இடையூறு ஏற்படுகிறது. அவருக்குக் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, பங்குக் கோவில்களின் திருமுழுக்குப் பதிவேடுகள். மற்றொன்று, வரி தண்டுவதற்காக எழுதப்பட்ட நிலக் கணக்குகள். மக்களை எண்ணிய ஏடுகள் அழிந்தன. மண்ணை அளந்த ஏடுகள் பிழைத்தன. அந்த மண் கணக்கிலிருந்து மனிதர்களைத் தேடி எடுக்கும் வேலையில் சில ஆண்டுகளுக்கு முன் நானும் சிறிது பங்கு பெற்றேன். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் தமிழக அரசின் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகள் அயர்லாந்தின் லிமரிக் நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளோடு ஆறு திங்கள் தங்கியிருந்தபோது, ஞாயிறு திருப்பலி முடிந்து பங்கு மண்டபத்தில் தேநீர் அருந்தும் வேளையில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எனக்கு அறிமுகமானார். எண்பதைக் கடந்தவர், மெல்லப் பேசுபவர். என் பழைய தொழிலைக் கேட்டறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. “எங்கள் குடும்பத்து நிலத் தாள்கள் சில என்னிடம் உள்ளன. அவற்றில் ஒரு கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் வந்து பார்ப்பீர்களா?” என்றார். அடுத்த சனிக்கிழமையே சென்றேன்.

அவருடைய முன்னோர் கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கரையைச் சேர்ந்தவர்கள். அட்லாண்டிக் பெருங்கடலின் காற்று ஓயாமல் வீசும் சதுப்பு நிலம் அது. மேசையின்மேல் மூன்று கட்டுகளை அவர் அடுக்கி வைத்திருந்தார். அவற்றைப் புரிந்துகொள்ள நாட்டு வரலாற்றிலும் சிறிது அறிய வேண்டியிருந்தது. அவரே எனக்கு ஆசிரியரானார்.

முதற்கட்டு, பத்திலொரு பங்கு வரிக்கான ஏட்டின் படி. 1823 முதல் 1838 வரை இவ்வேடுகள் பங்கு பங்காக எழுதப்பட்டன. அக்காலத்தில் அயர்லாந்தின் அரசுச் சபையாக இருந்தது ஆங்கிலிக்கன் சபை. மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் தாங்கள் ஒருபோதும் காலடி வைக்காத கோவிலின் குருவுக்கு அவர்கள் தங்கள் விளைச்சலுக்கேற்ப வரி செலுத்தியாக வேண்டும். எவரிடம் எவ்வளவு நிலம், எத்தகைய நிலம், எவ்வளவு வரி என்று ஒவ்வொரு குடியானவரின் பெயரோடும் எழுதிவைத்தார்கள். 1830களில் மக்கள் வரி கொடுக்க மறுத்தனர். பல இடங்களில் இரத்தம் சிந்தப்பட்டது. 1838 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரியைக் குறைத்து நிலக்கிழாரின் தலையில் வைத்தது. அவர் அதைக் குத்தகையோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். மக்கள் எந்த ஏட்டை வெறுத்தார்களோ, அந்த ஏட்டிலேதான் இன்று அவர்களுடைய பேரர்கள் முன்னோரின் பெயரைக் கண்டு மகிழ்கிறார்கள்.

இரண்டாவது கட்டு, கிரிஃபித் மதிப்பீடு என வழங்கும் அச்சிட்ட ஏட்டின் பக்கங்கள். ரிச்சர்டு கிரிஃபித் என்பவர் நிலவியல் அறிஞர். ஏழைகளுக்கான உதவிச் சட்டத்தின்கீழ் வரி விதிப்பதற்காக நாடு முழுவதிலும் உள்ள நிலங்களையும் வீடுகளையும் மதிப்பிடும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. 1847 முதல் 1864 வரை அம்மதிப்பீடு வெளியாயிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரின் பெயர்கள் அதில் உள்ளன. அனுபவிப்பவர் பெயர், அவருக்கு நேரடியாகக் குத்தகைக்கு விட்டவர் பெயர், நிலமா வீடா என்ற விவரம், பரப்பு, மண்ணின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு என்று பத்தி பத்தியாக அமைந்துள்ளது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். அந்த எண்ணை நில வரைபடத்தில் தேடினால் அதே வயலில் சென்று நிற்கலாம். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் அந்த நாடு முழுவதையும் அதற்கு முன்பே வரைந்து முடித்திருந்தார்கள். அந்த வரைபடத்தின் நேர்த்தியைக் கண்டு என் தொழில் நெஞ்சம் மகிழ்ந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது கட்டு, திருத்த ஏடுகளின் வண்ணப்படி. மதிப்பீடு முடிந்தபின், நிலம் கை மாறும்போதெல்லாம் அலுவலர்கள் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை வேறு நிற மையினால் எழுதி வந்தார்கள். தந்தை இறந்து மகன் வந்ததும், வீடு இடிந்ததும், குடும்பம் ஊரைவிட்டுப் போனதும் அந்த நிறங்களில் தெரியும். டப்ளினில் உள்ள மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து அவர் அப்படிகளைப் பெற்று வைத்திருந்தார்.

இவ்வேடுகளைப் பயன்படுத்துவோர் முதலில் அறிய வேண்டியது டவுன்லேண்டின் பெயர். டவுன்லேண்டு என்பது நகரமன்று. நம் ஊர்களின் உட்கிடைச் சிற்றூரைப் போல, பங்கினுள் அடங்கிய சிறு நிலப்பிரிவு. அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உள்ளன. ஒரே பெயர் கொண்டவர் ஒரு மாவட்டத்தில் நூறு பேர் இருக்கலாம். ஒரு டவுன்லேண்டில் இருவரோ ஒருவரோதான் இருப்பர். ஆசிரியருக்குத் தம் குடும்பத்தின் டவுன்லேண்டு நன்றாகத் தெரியும். அவருடைய அண்ணன் மகன் இன்றும் அங்கே மாடு வளர்த்து வாழ்கிறார்.

இனி, அவருக்குப் பிடிபடாத கணக்கு. பத்திலொரு பங்கு ஏட்டில் அவருடைய முப்பாட்டனார் பெயருக்கு நேரே 12 ஏக்கர் என்று இருந்தது. 1855 ஆம் ஆண்டளவில் வெளியான கிரிஃபித் மதிப்பீட்டில் அதே பெயருக்கு நேரே 27 ஏக்கர் 2 ரூட் என்று இருந்தது. நான்கு ரூட் ஓர் ஏக்கர். இரண்டு ஏடுகளுக்கும் இடையே 1845 இல் தொடங்கிய பெரும் பஞ்சம் கிடக்கிறது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; அதற்கும் மிகுதியானோர் கப்பலேறினர். 1841 இல் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851 இல் அறுபத்தைந்து இலட்சம் ஆயிற்று. ஊரே பட்டினி கிடந்த ஆண்டுகளில் ஓர் ஏழைக் குடியானவரின் நிலம் இரு மடங்குக்கு மேல் பெருகியது எப்படி? இதுவே ஆசிரியரின் கேள்வி.

“இந்த 12 ஏக்கர், எந்த ஏக்கர்?” என்று கேட்டேன். அவர் திகைத்துப் பார்த்தார். தஞ்சைப் பகுதியின் வேலி, மா, குழிக் கணக்குகளோடு பழகிய எவருக்கும் இக்கேள்வி தோன்றும். நிலத்தின் அளவுப் பெயர் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும். அயர்லாந்திலும் பழைய அயர்லாந்து ஏக்கர் ஒன்று வழக்கில் இருந்தது. அது அரசு ஏக்கரில் 1.62 பங்கு. பத்திலொரு பங்கு ஏடுகள் பலவற்றில் அந்தப் பழைய அளவே உள்ளது. கிரிஃபித் மதிப்பீட்டில் உள்ளது அரசு ஏக்கர். அப்படியானால் பழைய 12 ஏக்கர் என்பது புதிய கணக்கில் 19 ஏக்கருக்குச் சற்று மேல். பாதிப் புதிர் அங்கேயே விடுபட்டது. ஆசிரியர் நிம்மதியோடு நாற்காலியில் சாய்ந்தார்.

ஆனால் எட்டு ஏக்கர் இன்னும் மிஞ்சி நின்றது.

பத்திலொரு பங்கு ஏட்டில் அவருடைய முன்னோரின் பெயருக்கு அடுத்த வரியில் வேறொரு குடியானவர் பெயர் இருந்தது. அவருக்கு 5 ஏக்கர். புதிய கணக்கில் எட்டு ஏக்கருக்குச் சற்று மேல். கிரிஃபித் மதிப்பீட்டில் அந்த மனிதர் இல்லை. ஆயினும் அக்குடும்பப் பெயர் அங்கே இருந்தது, ஒரு பெண்ணின் பெயராக. அவளுக்கு நேரே நிலம் என்று எதுவும் இல்லை. ‘வீடு’ என்று மட்டும் இருந்தது. மதிப்பு ஐந்து ஷில்லிங். குத்தகைக்கு விட்டவர் யார் என்ற பத்தியில் என் நண்பரின் முப்பாட்டனார் பெயர் இருந்தது.

இருவரும் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காலத்தில் பக்கத்து நிலத்தை உழுதவனின் மனைவி, அந்த நிலம் கை நழுவிய பின், அதைப் பெற்றவனுக்கே குடியிருப்பவளாகிவிட்டாள். திருத்த ஏட்டைப் புரட்டினோம். 1860களில் அவள் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் வேறு நிற மையில் ‘வீடு வீழ்ந்தது’ என்ற குறிப்பு. அவ்வளவுதான். பல ஆண்டுகளுக்குப்பின் 27 ஏக்கர் 2 ரூட்டும் ஆசிரியரின் குடும்பத்துக்கே சொந்தமானதைக் காட்டும் முத்திரை. நிலக்கிழார்களிடமிருந்து குடியானவர்கள் நிலத்தை வாங்கிக்கொள்ள 1903 ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமாக வழிசெய்தது. நாடே மகிழ்ந்த நிகழ்ச்சி அது. அந்த மகிழ்ச்சியினுள் அப்பெண்ணின் எட்டு ஏக்கரும் அடங்கியிருந்தது.

ஆசிரியர் வரைபடத்தை உருப்பெருக்கியின்கீழ் வைத்தார். வயலின் வடகோடியில் சிறு கறுப்புக் கட்டமாக ஒரு வீடு. “அந்த மூலையில் கிடந்த கற்களைக் கொண்டுதான் எங்கள் மாட்டுத் தொழுவத்தைக் கட்டியதாக என் தந்தையார் சொல்லுவார்” என்றார். பிறகு அவர் பேசவில்லை.

நடந்தது என்னவாக இருக்கும்? அந்நாளைய சட்டங்களைக் கொண்டு சிலவற்றை ஊகிக்கலாம். நான்கு பவுண்டு அல்லது அதற்குக் குறைந்த மதிப்புள்ள குத்தகை நிலங்களுக்கான ஏழை வரியை 1843 முதல் நிலக்கிழாரே செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே சிறு குடிகளை வெளியேற்றிவிட்டுப் பெருங் குடிகளிடம் நிலத்தை ஒப்படைப்பது அவர்களுக்கு ஆதாயம். மேற்குக் கிளேரின் கில்ரஷ் பகுதியில் பஞ்சக் காலத்தில் நடந்த வெளியேற்றங்கள் நாட்டிலேயே மிகக் கொடியவற்றுள் சேர்ந்தவை. அங்கே ஏழை உதவிக் கண்காணிப்பாளராக இருந்த காப்டன் ஆர்தர் கென்னடி, கூரை பிடுங்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கைகள் 1849 இல் நாடாளுமன்றத் தாள்களாகவே அச்சாயின. அப்பெண்ணும் அவ்வாறு துரத்தப்பட்டிருக்கலாம்.

மற்றொரு வழியும் உண்டு. 1847 இல் வந்த சட்டப் பிரிவு ஒன்று, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு உதவி இல்லை என்றது. பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் கூழ் வேண்டுமானால் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கணவனை இழந்த ஒருத்தி அக்கூழுக்காகக் கையெழுத்திட்டிருக்கலாம். அவள் விட்ட நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்று, அவளை மட்டும் குடிசையிலிருந்து கிளப்பாமல் காத்திருக்கலாம். அல்லது அவரே நிலக்கிழாரின் முகவரிடம் சென்று அந்நிலத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். ஏடு இவற்றுள் எதையும் சொல்லவில்லை. யாரிடம் எவ்வளவு இருந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லும் நிலக் கணக்கு, அது எப்படி வந்தது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. என் பணிக்காலம் முழுவதிலும் நான் கண்ட உண்மை இது.

இங்கேதான் பங்குக் கோவிலின் பதிவேடு துணைக்கு வருகிறது. ஆங்கிலிக்கன் சபையின் பழைய பதிவேடுகளுள் பாதிக்கு மேற்பட்டவை டப்ளின் காப்பகத்தில் இருந்து 1922 இல் எரிந்துபோயின. அரசின் பாதுகாப்பில் இல்லாமல் பங்குத்தந்தையரின் அலமாரிகளிலேயே கிடந்த கத்தோலிக்கப் பதிவேடுகள் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து, 2015 முதல் கணினி வழியே எவரும் கட்டணமின்றிக் காணுமாறு செய்துள்ளது. நாங்கள் அப்பங்கின் ஏட்டில் 1840களின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மங்கிய மை, குருவானவரின் அவசரக் கையெழுத்து. மூன்றாம் நாள் மாலையில் கிடைத்தது. அந்த டவுன்லேண்டு, அந்தக் கணவன், அந்த மனைவி. அவர்களுடைய பெண் குழந்தைக்குத் திருமுழுக்கு. ஞானத்தந்தையின் இடத்தில் என் நண்பரின் முப்பாட்டனார் பெயர்.

வரி ஏட்டில் வெறும் பக்கத்து நிலத்தார்களாக இருந்தவர்கள், திருமுழுக்கு ஏட்டில் உறவினர்களாகிவிட்டார்கள். திருமுழுக்குத் தொட்டியருகே அக்குழந்தைக்குப் பொறுப்பேற்றவரின் கையில்தான் பின்னர் அக்குழந்தையின் தந்தை நிலமும் வந்து சேர்ந்தது. இதனால் அவர் செய்தது அன்பாயிற்றா, அல்லது குற்றம் இன்னும் பெரிதாயிற்றா? இரு வகையிலும் வாதாடலாம்.

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல விரும்பினேன். “ஞானத்தந்தை என்ற கடமையினால்தான் அவர்களுக்கு அந்த வீட்டை விட்டுவைத்திருப்பார்” என்றேன்.

“இருக்கலாம். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவன் நான். அப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தை நாபோத்தின் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். பஞ்சத்தில் அடிபட்டவர்கள், ஆங்கிலேயருக்கு வரி கொடுத்தவர்கள், எளியவர்கள் என்று. எட்டு ஏக்கருக்கு ஒரு குடிசை சரியான விலைதானா, நண்பரே?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. அவரும் விடையை எதிர்பார்க்கவில்லை. அக்குழந்தை என்ன ஆனது என்று அறிய அவர் மிகவும் முயன்றார். 1901 ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த டவுன்லேண்டில் அக்குடும்பப் பெயரே இல்லை. கப்பலேறிப் போனாளோ, காய்ச்சலில் மாண்டாளோ! ஈடு செய்ய எண்ணினாலும் எவர் கையில் கொடுப்பது?

அயர்லாந்துப் பங்குகளில் நவம்பர் திங்களில் இறந்தோரின் பெயர்களை எழுதி உறையிலிட்டுப் பீடத்தின்மேல் வைக்கும் வழக்கம் உண்டு. அத்திங்கள் முழுவதும் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும். அவ்வாண்டு ஆசிரியர் தம் பட்டியலை எழுதும்போது நான் அருகில் இருந்தேன். தாய், தந்தை, உடன்பிறந்தார், பாட்டனார் என்று எழுதிக்கொண்டே போனவர், முப்பாட்டனாரின் பெயரை எழுதி, அதற்கு அடுத்த வரியிலேயே அக்கைம்பெண்ணின் பெயரையும், அவள் கணவன் பெயரையும், குழந்தையின் பெயரையும் எழுதினார். தம் அண்ணன் மகனுக்குக் கடிதம் ஒன்றும் எழுதினார். வடகோடி வயலில் யார் வாழ்ந்தார்கள் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

முன்னோரைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் பெருமையைத் தேடியே செல்கிறார்கள். அரசக் குருதியோ, வீரத் தியாகமோ, குறைந்த அளவு ஒரு துன்பக் கதையோ கிடைத்தால் மனம் நிறைகிறது. நிலக் கணக்கு அத்தகைய ஆசைகளுக்குத் தீனி போடுவதில்லை. வாங்க வேண்டிய காசை வாங்குவதற்காக எவனோ ஒரு கணக்கன், மழையில் நனைந்தபடி, வயல் வயலாகச் சென்று எழுதிய உலர்ந்த எழுத்து அது. அவனுக்கு எவரையும் புகழவோ இகழவோ வேண்டியதில்லை. அதனாலேயே அவன் எழுதியதை நம்பலாம். காசுக்காக எழுதிய அந்த ஏடு, ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள ஒரு குடிசையையும் விட்டுவிடாமல் குறித்து வைத்ததால், உலகம் முழுவதும் மறந்த ஒருத்தியின் பெயர் இன்று ஒரு பீடத்தின்மேல் வைக்கப்படுகிறது. எழுதியவன் இதை நினைத்திருக்க மாட்டான்.

அயர்லாந்தாயினும் வேறு எந்நாடாயினும், பழைய நில ஏடுகளைப் புரட்டிக் குடும்ப வேர்களைத் தேடுவோர்க்கு ஓய்வுபெற்ற நில அளவையாளன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது ஒன்றே. உங்கள் முன்னோரின் பெயர் எழுதப்பட்ட வரியைக் கண்டதும் ஏட்டை மூடிவிடாதீர்கள். அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் படியுங்கள். நம்முடைய நிலத்தின் எல்லை அங்கேதான் தொடங்குகிறது.